எவர்சில்வரில் வண்டி கட்டிய எட்வர்ட் பட்

வீட்டில் சிறிய காந்தம் ஒன்று இருக்கிறதா? குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் அலங்காரக் காந்தமே போதும். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். எவர்சில்வர் தட்டின் நடுப்பகுதியில் வைத்தால் பெரும்பாலும் ஒட்டாது, வழுக்கி விழும். அதே தட்டின் விளிம்பில், தகட்டை மடக்கி வளைத்திருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பல பாத்திரங்களில் காந்தம் மெல்ல இழுபடுவது விரலுக்குத் தெரியும். எல்லா இடத்திலும் நன்றாக ஒட்டினால் அது நிக்கல் கலக்காத வேறு வகை எவர்சில்வர். அடுத்த பாத்திரத்தை எடுங்கள்.

தகடு ஒன்றுதான். ஆனால் வளைத்த இடத்தில் மட்டும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறியிருக்கிறது. ஒரு வாகனம் மோதி நசுங்கும்போது உள்ளே இருப்பவரின் உயிரைக் காக்க இந்த மாற்றம் எப்படி உதவும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். அதற்கு முன், இந்த உலோகத்தைச் சமையலறையிலிருந்தும் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலிருந்தும் வெளியே கொண்டுவந்து, அதைக்கொண்டு விமானமும் ரயிலும் கட்டிக்காட்டிய ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் எட்வர்ட் கோவன் பட். நாம் ஏறும் காரின் கூடு மரத்தால் ஆகாமல் இரும்புத் தகட்டால் ஆகியிருப்பதற்கும் முக்கியக் காரணம் அவர்தான்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஸ்மர்னா என்ற சிற்றூர். அங்கே 1870ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் எட்வர்ட் பிறந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் கல்லூரிக்குப் போகவில்லை. உள்ளூர் இரும்புப் பட்டறை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். கடைசல் இயந்திரம், வார்ப்பு, அளவுகோல் என்று கையில் கிரீஸ் படிந்த வாழ்க்கை. இருபது வயதை ஒட்டி, பெரிய தொழில் நகரமான பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டார். பகலில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, இரவில் வகுப்பு. வரைபடம் போடக் கற்றார். ஒரு பொருளை மனத்தில் பார்த்து, தாளில் கோடாக்கி, பிறகு உலோகமாக்கும் வரிசை அவருக்குப் பிடிபட்டது. இன்று ஈப்போவில் உங்கு ஒமார் பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் மாணவருக்கு இந்த வரிசை புதிதல்ல.

அடுத்து அவர் சேர்ந்த இடம் கப்பி செய்யும் நிறுவனம். அந்தக் காலத் தொழிற்சாலைகளில் நீராவி இயந்திரத்தின் சுழற்சியைத் தோல் பட்டைகள் வழியாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொண்டுபோவார்கள். அந்தப் பட்டைகள் ஓடும் கப்பிகள் வார்ப்பிரும்பால் ஆனவை. ஆளை அழுத்தும் எடை. எட்வர்ட் வேலை பார்த்த நிறுவனம் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, மெல்லிய, இலேசான கப்பிகளைச் செய்தது. கனம்தான் பலம் என்ற எண்ணம் அவரிடம் உடைந்தது இங்கேதான். மெல்லிய தகடுகூடச் சரியான வடிவத்தில் மடிந்தால் கனத்த இரும்பின் வேலையைச் செய்யும். ஒரு தாளை மேசை விளிம்பில் நீட்டிப் பிடித்தால் தொங்கும். அதையே விசிறிபோல் மடித்து நீட்டினால் நிமிர்ந்து நிற்கும். அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த ஒரு மடிப்புக்குள் அடங்கிவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ரயில் இருக்கைகள் செய்யும் ஹேல் அண்டு கில்பர்ன் நிறுவனத்துக்கு மாறினார். ரயில் பெட்டிகள் மரத்திலிருந்து எஃகுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கொரு கொடூரமான காரணம் இருந்தது. மரப்பெட்டிகள் மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். விளக்கு எண்ணெயும் அடுப்பும் சேர்ந்து தீயும் பிடிக்கும். எஃகுப் பெட்டி வந்தபோது பயணிகளின் கோரிக்கைக்கும் விடை கிடைத்தது.

கார்களின் நிலை என்ன? அவற்றின் கூடு அப்போதும் குதிரை வண்டியின் வாரிசாகவே இருந்தது. தச்சர்கள் மரச்சட்டம் இழைத்து, அதன்மேல் தகட்டையோ மரப்பலகையையோ ஆணியடித்துப் பொருத்தினார்கள். சாலைக் குலுக்கலில் மூட்டுகள் தளரும். விபத்தில் சட்டம் உடைந்தால் அதன் கூர்முனைகளே ஈட்டிகளாகும். 1909ஆம் ஆண்டு வாக்கில் ஹப் என்ற கார் நிறுவனம் எஃகுத் தகட்டால் கார்க்கூடு செய்ய முடியுமா என்று கேட்டு வந்தபோது, எட்வர்ட் அந்த வேலையை ஆசையோடு ஏற்றார். தகடுகளை அழுத்தி வடிவமாக்கி, பற்றவைத்துச் சேர்த்தார்கள். வேலை நடந்தது. ஆனால் அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் புதிய நிர்வாகத்துக்குக் கார்க்கூட்டில் நாட்டமில்லை.

1912இல் அவர் வெளியேறினார். வயது 41, கையில் சேமிப்பு, கூடவே சில தோழர்கள். பிலடெல்பியாவில் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். வாடகைக்குப் பிடித்த கட்டடத்துக்குள் அவர் வாங்கிய பெரிய அச்சழுத்தப் பொறி நுழையவில்லை. என்ன செய்தார் தெரியுமா? வெளியே ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டு, அதற்குள் பொறியை நிறுத்தி வேலையைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட கூடாரங்கள் பின்னாளில் அழகாகத் தெரியும். அந்த நேரத்தில் மழையும் கடனும்தான் தெரிந்திருக்கும்.

அவருக்கு வலக்கையாக இருந்தவர் ஜோசப் லெட்விங்கா, ஆஸ்திரியாவிலிருந்து வந்த பொறியாளர். முழு எஃகுக் கூட்டுக்கான முக்கியக் காப்புரிமை 1914இல் அவர் பெயரில்தான் பதிவானது. அதே ஆண்டு டாட்ஜ் சகோதரர்கள் சொந்தமாகக் கார் செய்யத் தொடங்கி, 5,000 எஃகுக் கூடுகளுக்கு ஆணை கொடுத்தார்கள். பட் நிறுவனம் தலைநிமிர்ந்தது. எஃகுக் கூட்டில் வேறொரு வசதியும் கண்டார்கள். மரம் கலந்த கூட்டுக்குச் சாயம் பூசினால் ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில். எஃகுக் கூட்டை அப்படியே சூட்டறைக்குள் தள்ளிச் சாயத்தைச் சுட்டெடுக்கலாம். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மயங்காத முதலாளிகளும் நேரம் மிச்சம் என்றதும் காதைக் கொடுத்தார்கள்.

எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெருநிறுவனமே 1930களின் நடுப்பகுதி வரை கூட்டில் மரச்சட்டத்தை வைத்திருந்தது. தச்சுத் தொழிலில் போட்ட முதலீடு, பழக்கம், மரம்தான் அதிராமல் ஓடும் என்ற நம்பிக்கை எல்லாம் தடையாக நின்றன. ஐரோப்பாவில் ஆந்திரே சித்ரோயன் துணிந்து பட் நிறுவனத்தின் முறையை வாங்கினார். 1934இல் வந்த அவருடைய டிராக்ஷன் அவான் காரில், கீழே தனிச் சட்டகம் இல்லாமல் கூடே சுமையைத் தாங்கியது. அதன் வலிமையைக் காட்ட ஒரு காரை மேட்டிலிருந்து கீழே தள்ளிவிட்டுப் படம் பிடித்துக் காட்டினார்கள். இங்கிலாந்தில் வில்லியம் மோரிசுடன் சேர்ந்து 1926இல் பட் நிறுவனம் ஆக்ஸ்போர்டுக்கு அருகே கவுலியில் அச்சழுத்து எஃகுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. மலாயாவில் தோட்ட நிர்வாகிகள் ஓட்டிய ஆங்கிலேயக் கார்களைப் பற்றித் தாத்தா பாட்டி பேசக் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட கார்களுக்குக் கூடு செய்துகொடுத்த முக்கிய ஆலைகளில் கவுலியும் ஒன்று.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. கார் வாங்க ஆளில்லை. பேராக்கில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் ஆட்குறைப்புச் செய்து, நம் மக்கள் பலர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய அதே மந்தக் காலம். பிலடெல்பியாவிலும் பொறிகள் சும்மா நின்றன. எட்வர்டுக்கு வயது அறுபது. ஒதுங்கியிருக்கலாம். அவரோ புதிய உலோகம் ஒன்றைத் தேடிப் போனார்.

எவர்சில்வர் அப்போது வயதில் சிறியது. 1912இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் குரோமியமும் நிக்கலும் கலந்த வகைக்குக் காப்புரிமை கேட்டது. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருவேறாத குரோமிய எஃகை உருக்கினார். நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் சேர்ந்த கலவை பிறகு புகழ்பெற்றது. இன்றும் நம் வீட்டு நல்ல பாத்திரங்கள் பலவற்றில் உள்ள கலவை அதுவே. குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். அதனால்தான் துரு பிடிப்பதில்லை.

எட்வர்டைக் கவர்ந்தது பளபளப்பு மட்டுமல்ல. இந்தத் தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே அழுத்தி மெல்லியதாக்கினால் அதன் வலிமை பல மடங்கு ஏறும். அவர் பயன்படுத்திய தகட்டின் இழுவலிமை சுமார் 1,000 மெகாபாஸ்கல்; சாதாரண மென் எஃகைப்போல் இரண்டரை மடங்கு. அப்படியானால் பாதி கனத்திலும் குறைந்த தகட்டால் அதே வேலையை முடிக்கலாம். துரு பிடிக்காததால், துருவுக்கென்று கூடுதல் கனம் வைக்கவும் வேண்டாம்.

சிக்கல் பற்றவைப்பில் வந்தது. வழக்கம்போல் சூடாக்கி இணைத்தால் இரண்டு கேடுகள். அழுத்தி ஏற்றிய வலிமை அந்த இடத்தில் இறங்கிவிடும். அதோடு, ஏறத்தாழ 500 முதல் 800 டிகிரி சூட்டில் சற்று நேரம் நின்றால் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்து உலோக மணிகளின் எல்லையில் ஒதுங்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் குரோமியம் குறைந்து, எவர்சில்வர் எவர்சில்வராக இராது. அங்கே அரிக்கத் தொடங்கும்.

அவருடைய பொறியாளர் எர்ல் ராக்ஸ்டேல் இதற்கு வழி கண்டார். இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, மிகப் பெரிய மின்னோட்டத்தை நொடியின் மிகச் சிறிய பகுதி நேரம் மட்டும் பாய்ச்சினார். தகடுகள் சந்திக்கும் புள்ளி உருகி ஒட்டும். சுற்றியுள்ள உலோகம் சூடாகிக் கெடுவதற்குள் மின்சாரம் நின்றுவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் போன மின்சாரத்தை ஒரு கருவி பதிவு செய்தது. அளவு தவறிய புள்ளி உடனே தெரிந்துவிடும். இதற்கு ஷாட்வெல்ட் என்று பெயர் வைத்து 1934இல் காப்புரிமை பெற்றார்கள். பட் வரலாற்றை எழுதுவோர் ரயிலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கென்னவோ இந்தப் புள்ளிதான் பெரிது. இது இல்லாமல் மற்றது எதுவும் இல்லை.

புதிய முறை நம்பத்தக்கதா என்று காட்ட, 1931இல் எவர்சில்வரால் ஒரு சிறு நீர்நில விமானத்தையே செய்து பறக்கவிட்டார்கள். பறந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை.

அடுத்த முயற்சி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. பிரான்சின் மிஷலின் நிறுவனம் தண்டவாளத்தில் ரப்பர் டயரோடு ஓடும் ரயில்களைச் செய்திருந்தது. அந்த உரிமத்தை வாங்கி, 1932இல் எட்வர்ட் எவர்சில்வர்ப் பெட்டிக்கு ரப்பர் டயர் மாட்டினார். 1877இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர்க் கதை தொடங்கி, அப்போது அரை நூற்றாண்டு கடந்திருந்தது. உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தே போனது; அதற்குப் பால் வெட்டியவர்களில் நம் முன்னோர் எத்தனை பேர்! ரயிலில் மட்டும் ரப்பர் தோற்றது. பெட்டியின் எடை டயருக்குத் தாங்கவில்லை. டயர் வெடித்தது, தண்டவாளத்தைவிட்டு இறங்கியது. ஆனால் அந்த வண்டியில் ஏறிப் பார்த்த பர்லிங்டன் ரயில் நிறுவனத் தலைவர் ரால்ப் பட், டயரை மறந்துவிட்டுப் பெட்டியைக் கவனித்தார். இவருக்கும் எட்வர்டுக்கும் உறவில்லை, பெயர்தான் ஒன்று. எஃகுச் சக்கரத்தோடு, டீசல் இயந்திரத்தோடு ஒரு முழு ரயிலையே செய்யச் சொன்னார்.

அதுதான் பயனியர் செபிர். மூன்று பெட்டிகள் சேர்ந்து சுமார் 88 டன். பழைய பாணி ரயிலில் படுக்கைப் பெட்டி ஒன்றே 70 டன்னை எட்டும். பக்கங்களில் நீளவாக்கில் ஓடிய வரிவரியான மடிப்புகளை அலங்காரம் என்றே பலர் நினைத்தார்கள். மெல்லிய தகடு நெளியாமல் நிற்க, கப்பித் தொழிற்சாலையில் கற்ற பாடம் அது.

1934ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் விடியலில் டென்வரிலிருந்து புறப்பட்டது. 1,633 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி, 13 மணி 5 நிமிடத்தில் சிகாகோவை அடைந்தது. வழக்கமான ரயிலுக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். சராசரி வேகம் மணிக்கு 125 கிலோமீட்டர். உச்ச வேகம் 181. வழியில் ஒரு மின்கம்பி பழுதாகி இயந்திரம் நின்றுபோக, ஒருவர் கம்பியின் முனைகளை வெறும் கையால் சேர்த்துப் பிடித்து, கை வெந்துபோனாலும் இயந்திரத்தைக் கிளப்பினார் என்பது அந்தப் பயணத்தின் துணைக்கதை. வண்டியில் ஒரு கழுதைக்குட்டியும் பயணம் செய்தது, விளம்பரத்துக்காக!

மாணவர்களே, இப்போது காந்தத்துக்குத் திரும்புவோம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசியான் என்கேப் அமைப்பு காரின் முன்பக்கத்தை மோதவிட்டுச் சோதித்த வேகம் அதுதான். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 1,90,000 ஜூல் வரும். அந்தக் காரை 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உச்சியிலிருந்து, தரையில் போடுவதற்குச் சமம். மோதிய நொடியில் இவ்வளவு ஆற்றலும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

காரின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நின்றால், உள்ளே வாரோடு இருப்பவர் புவியீர்ப்பைப்போல் சராசரியாகச் சுமார் 27 மடங்கு வேகக்குறைவைச் சந்திக்கிறார். கடுமைதான், ஆனால் பிழைக்க வாய்ப்புண்டு. நசுங்க மறுத்து 10 சென்டிமீட்டரில் நின்றால் அது 160 மடங்கு. கார் அழகாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதனால் முன்னும் பின்னும் நசுங்க வேண்டும். நடுவில் ஆள் இருக்கும் கூண்டு நசுங்கக் கூடாது. நல்ல கார்க்கூட்டுக்கு இந்த இரண்டு குணமும் ஒரே நேரத்தில் தேவை. பொதுவாக உலோகம் இதில் ஏமாற்றும். வலிமை ஏற ஏற நீளும் தன்மை குறையும். மிக வலிய எஃகு கொஞ்சம் வளைந்ததும் கிழிந்துவிடும்.

18-8 வகை எவர்சில்வர் இந்த இடத்தில் வித்தியாசமாக நடந்துகொள்கிறது. மென்மையான நிலையில் அதன் ஒரு மீட்டர்ப் பட்டையை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரை இழுத்த பிறகே அறுபடும். அதற்குள் அது சும்மா நீண்டுகொண்டிருப்பதில்லை. எங்கே வளைகிறதோ அங்கே அணுக்களின் அடுக்கு இடம் மாறி, ஆஸ்டெனைட் என்ற அமைப்பிலிருந்து மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்புக்குப் போகிறது. ஆஸ்டெனைட்டைக் காந்தம் இழுக்காது, மார்ட்டென்சைட்டை இழுக்கும். தட்டின் விளிம்பில் உங்கள் விரல் உணர்ந்தது இதைத்தான். மோதலில் இதன் பயன் என்ன? வளைந்த இடம் இறுகிவிடுவதால் அடுத்த வளைவு பக்கத்து இடத்துக்குத் தள்ளப்படுகிறது. ஒரே இடத்தில் கிழியாமல், ஆர்மோனியத்தின் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக மடிந்து, ஒவ்வொரு மடிப்பும் ஆற்றலை விழுங்குகிறது. முன்கூட்டியே குளிர்நிலையில் உருட்டிய தகட்டில் இந்த நீட்சி குறையும், வலிமை கூடும். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பொறியாளர் தேர்ந்தெடுக்கலாம்.

எட்வர்ட் இவ்வளவையும் கணக்கிட்டுத்தான் எவர்சில்வரை எடுத்தார் என்று சொன்னால் அது மிகை. அவர் தேடியது இலேசும் வலிமையும் துருவின்மையும். எந்தப் பாகம் நசுங்க வேண்டும், எது நசுங்கக் கூடாது என்று காரைப் பிரித்துப் பார்க்கும் சிந்தனை, அவர் இறந்த பிறகு, 1950களில் ஜெர்மனியின் பேலா பாரெனியிடமிருந்து வந்தது. ஆனால் தகட்டுக் கூடு என்ற ஒன்று இல்லாமல் பாரெனிக்குப் பிரித்துப் பார்க்க என்ன இருந்திருக்கும்?

மனிதராக அவர் எப்படி? வேலையாட்களோடு பழகத் தெரிந்த முதலாளி என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் 1933இல் தொழிலாளர்கள் தாங்கள் விரும்பிய சங்கத்தை அமைக்க முனைந்தபோது, நிறுவனமே அமைத்த சங்கத்தைத்தான் அவர் ஆதரித்தார். கடுமையான வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தோட்டத் தொழிற்சங்கங்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமில்லை. உலோகத்தின் வளைவை அவ்வளவு நுட்பமாகப் புரிந்தவர் இதில் வளைய மறுத்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஆலை வெடிகுண்டு உறைகளோடு எவர்சில்வர்ச் சரக்கு விமானம் ஒன்றையும் செய்தது. கோனஸ்டோகா என்ற அது 1943இல் பறந்தது. சிலவற்றை மட்டுமே கட்டினார்கள். போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1946 நவம்பர் 30ஆம் நாள், பிலடெல்பியாவில் எட்வர்ட் காலமானார். வயது 75.

அவருக்குப் பிறகு எவர்சில்வர் ரயில் உலகமெங்கும் போனது. சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐசிஎப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பல்லாண்டுகள் சாதாரண எஃகில் கட்டிய பழைய வடிவத்தை 2018இல் நிறுத்திவிட்டு, ஜெர்மானிய வடிவமான எல்எச்பி எவர்சில்வர்ப் பெட்டிகளுக்கு முழுமையாக மாறியது. இவற்றின் இணைப்புகள், மோதலில் ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் ஏறாதபடி வடிவமைத்தவை. பழைய பெட்டிகளைவிடப் பாதுகாப்பு அதிகம்தான். ஆனாலும் 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில் தவறான பாதையில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியபோது 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமிக்ஞை தவறினால் எந்த உலோகமும் ஓரளவுக்குத்தான் காக்கும்.

காரில் இந்த உலோகம் அவ்வளவாகப் பரவவில்லை. 1936இல் அலெகனி நிறுவனமும் போர்டும் சேர்ந்து ஆறு எவர்சில்வர்க் கார்களைச் செய்தன.  1981இல் வந்த டெலோரியனின் எவர்சில்வர் வெறும் தோல்; சுமை தாங்கியது உள்ளேயிருந்த எஃகுச் சட்டகமும் கண்ணாடியிழையும். 2000களில் ஐரோப்பிய எவர்சில்வர் ஆலைகள் கார் நிறுவனங்களோடு கூடி, தூண்களையும் மோதல் பெட்டிகளையும் இந்த உலோகத்தில் செய்து சோதித்தன. தொழில்நுட்பம் நிறைவளித்தது, விலை அளிக்கவில்லை. நிக்கல் விலை உயர்ந்தது, நிலையும் இல்லாதது. அச்சில் அழுத்திய பிறகு தகடு பின்வாங்கி வடிவம் மாறுவதும் ஆலைக்குத் தலைவலி. அதற்குள் போரான் கலந்த எஃகைச் செக்கச்செவேலெனச் சுடவைத்து, அச்சுக்குள்ளேயே குளிரவைத்து, 1,500 மெகாபாஸ்கல் வலிமை தரும் முறை மலிவாகக் கிடைத்தது. இன்று பெரும்பாலான கார்களில் கதவுக்கு நடுவிலுள்ள தூண் அப்படிப்பட்டது. நம் பேராக்கின் தஞ்சோங் மாலிம் புரோட்டோன் ஆலையிலிருந்து 2012இல் வந்த பிரேவே காரிலும் இந்தச் சுட்டழுத்து எஃகு இருந்தது.

ஒரு கேள்வியில் மட்டும் எவர்சில்வரின் பக்கம் வலுவாகவே இருக்கிறது. புதுக் காரை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறோம். இருபது ஆண்டு மழையில் ஓடி, கதவுக்கடியில் துருவேறி ஓட்டை விழுந்த காருக்கு அந்த நட்சத்திரம் பொருந்துமா? நீண்ட காலம் ஓடும் பேருந்துகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஐரோப்பாவில் சில பேருந்துக் கட்டுமான நிறுவனங்கள் எவர்சில்வர்ச் சதுரக் குழாய்களால் எலும்புக்கூடு கட்டுவதற்கு அதுவே காரணம். பேருந்து கவிழும்போது காப்பது, பக்கத் தூண்களும் கூரையும் சேர்ந்த வளையங்கள். அவை மடங்கினாலும் பயணியின் தலைக்கும் தோளுக்கும் உரிய வெளி மிஞ்ச வேண்டும் என்கிறது ஐநாவின் 66ஆம் விதி. அதைச் சோதிக்க, 800 மில்லிமீட்டர் பள்ளத்தில் பேருந்தைச் சாய்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

2025 ஜூன் 9ஆம் நாள் கெரிக் அருகே, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். விடுமுறை முடிந்து தஞ்சோங் மாலிம் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், உங்கள் வயதினர். வேகம், பிரேக், சாலை, மேற்பார்வை என்று எல்லாமே கேள்விக்குள்ளான விபத்து அது. கூட்டின் உலோகத்தில் மட்டும் விடை தேட முடியாது. ஆனால் கவிழ்ந்த பின் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற கேள்வி கூட்டைக் கட்டுபவரிடமும் வருகிறது. இயந்திரவியலோ உலோகவியலோ எடுக்க நினைப்பவர்களுக்கு இந்நாட்டில் இன்னும் வேலை மிச்சமிருக்கும் இடம் இது.

பட் நிறுவனத்தை 1978இல் ஜெர்மனியின் தைசன் வாங்கியது. பிலடெல்பியா ஆலைகள் இப்போது இல்லை. கனடாவில் டொரொண்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே, 1950களில் அவருடைய நிறுவனம் கட்டிய எவர்சில்வர்ப் பெட்டிகளோடு ரயில் இன்னமும் ஓடுகிறது. பயனியர் செபிர் சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1931இல் பறந்த அந்தச் சிறு விமானத்தைப் பிலடெல்பியாவின் பிராங்கிளின் நிலையத்துக்கு வெளியே 1930களிலேயே நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் அது பனியிலும் மழையிலும் திறந்தவெளியிலேயே நின்றது.